கா-வே மூடப்பட்டது

மலையேறிகள் மன்றத்தில் என்னைச் சேர்த்துவிட்டவள் வெனேரா. பிஷ்கெக்கில் ஒரே பல் கட்டும் கூடத்தில், ஒரே மேசையில், பதினோரு ஆண்டுகளாக நாங்கள் வேலை செய்துவந்தோம். நான் மெழுகில் பல் அடுக்குவேன். அவள் வார்த்தெடுத்து மெருகேற்றுவாள். என் விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம் அவள் சொன்னாள்: "வீட்டுல உக்காந்து சுவத்தப் பாத்தது போதும். வியாழக்கெழம என்கூட வா."

போனேன்.

மூடிக்கிடந்த நீச்சல்குளம் ஒன்றின் மாடியில் மன்றம் இருந்தது. நீண்ட மேசை, இருபது நாற்காலி, சுவரில் கரும்பலகை. பலகையில் மலைகளின் பெயர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணும் ரஷ்ய எழுத்தும். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கறுப்பு ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டு அந்த எழுத்துகளிலேயே பேசினார்கள்.

"ஞாயித்துக்கெழம ஒன்னு-பே போனோம். கா-வே எட்டு. ஆறரைக்கே மூடியாச்சு."

"எஸ்-பேயா?"

"எஸ்-பேதான். எர்-கே மட்டும் கொஞ்சம் மொறச்சாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வெனேராவும் சிரித்தாள். அவளைப் பார்த்துவிட்டு நானும் சிரித்தேன்.

அந்த வசந்தத்தில் சேர்ந்த இன்னொரு புது ஆள் எர்மெக். டாக்சி ஓட்டுகிறவன். என் பக்கத்து நாற்காலி. "அக்கா, இது மலையேறுற எடமா, மருந்துக்கடையா?" என்று முதல் நாளே என் காதில் கேட்டான். "டாக்டர் சீட்டு மாதிரியே பேசுறாங்க."

மூன்றாவது வியாழக்கிழமை எனக்குத் துணிச்சல் வந்தது. மன்றத் தலைவர் ஸ்தெபான் அர்க்காதியேவிச் ஏதோ வழியை விளக்கிக்கொண்டிருந்தார். "எர்-கேன்னா என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எம்-கே ஒப்புதல் இல்லாம பே-வே தூக்கிட்டு வர்றவங்கள மொறைக்கிற ஆளும்மா."

மேசை சிரிப்பில் குலுங்கியது. யாரோ, "கெண்டி கொதிக்குது, எறக்கி வைங்கப்பா," என்றார்கள். புதிதாக வருகிறவர்களை அங்கே கெண்டி என்பார்கள். அடுப்பில் வைத்தால் சத்தம் போடும், வேறெதுவும் தெரியாது.

திரும்பும்போது டிராலிபஸ்ஸில் வெனேரா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே கேக்காத. கேட்டா முத்திர குத்திடுவாங்க. தெரியலன்னா தலைய ஆட்டு. நாங்க எல்லாருமே அப்படித்தான் கத்துக்கிட்டோம்."

"தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னா?"

"நான் இருக்கேன்ல."

எர்மெக் வேறு வழியில் போனான். கேட்ட எழுத்துகளையெல்லாம் எழுதிவைத்துக்கொண்டு, தெரிந்தவர்களைத் தனியாகப் பிடித்து விசாரித்தான். சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது மனப்பாடம் செய்வானாம். மே மாதத்துக்குள் நாற்பத்து மூன்று சேர்த்துவிட்டான். "பாத்து எழுதிக்கோங்க அக்கா," என்று என்னிடம் நீட்டினான். நான் எழுதிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் வெனேரா இருந்தாளே.

தலையை ஆட்டக் கற்றுக்கொண்டேன். கா-வே என்றால் வாக்கிடாக்கியில் பேசும் வேளை என்று நானாக முடிவுசெய்தேன். எஸ்-பே பற்றி எந்த முடிவுக்கும் வரவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. மூட்டை கட்டவும், கயிறு சுற்றவும், கூழாங்கல் சரிவில் குதிகாலை ஊன்றி இறங்கவும் வெனேரா சொல்லிக்கொடுத்தாள். அதில் நான் மோசமில்லை.

ஆகஸ்டில் மன்றம் பாமீருக்குப் போவதாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக வெனேரா அந்தப் பயணத்துக்கு மனுப் போட்டுவந்தாள். மலையேற்றத்தில் இரண்டாம் தரம் பெறாதவர்களைச் சேர்ப்பதில்லை. இரண்டாம் தரத்துக்கு மற்ற எல்லாம் அவளிடம் இருந்தது. குழுவுக்குத் தலைமை தாங்கி ஏறியது மட்டும் இரண்டு வேண்டும், ஒன்றுதான் இருந்தது. ஜூன் கடைசிக்குள் இன்னொன்று கணக்கில் ஏற வேண்டும். எளிய மலை போதும். மூன்று பேர் போதும்.

"நீ, நான், தாலாய்," என்றாள். "அக்-தேக்கே மலை. உனக்கு மொதல் சிகரம், எனக்கு ரெண்டாவது தலைமை."

தாலாய் பண்டகசாலை ஒன்றில் காவலாள். உயரமானவன், அதிகம் பேசமாட்டான். அவனுக்கு அது பத்தாவது மலையோ பதினைந்தாவதோ.

முதல் நாள் மலையேறிகள் தங்கும் கல்வீடு வரை நடந்து, அங்கே தூங்கினோம். மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். ஒரு மணிக்குச் சிகரம். அங்கே வைத்திருந்த தகர டப்பாவில், எங்களுக்கு முன்னால் ஏறிய குழுவின் சீட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெனேரா எங்கள் சீட்டை எழுதினாள். என் பெயரைக் கடைசியில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். குருத் என்னும் உலர்தயிர் உருண்டைகளைச் சப்பிக்கொண்டு மூவரும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆண்டில் அதுவரை எனக்கு வாய்த்த ஒரே நல்ல நாள் அது.

இறங்கும்போது கூழாங்கல்லில் என் வலது முழங்கால் திரும்பியது. நடக்க முடிந்தது, வேகமாக முடியவில்லை. ஐந்து மணிக்கு தாலாய் என் பையை வாங்கிக்கொண்டான்.

"வெறுங்கையா நடங்க. நான் போய் அடுப்பு மூட்டுறேன்."

பையில் என் கம்பளிச் சட்டை இருந்தது, விளக்கு இருந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மேசைப்பாறைக்கு வந்தபோது மணி ஏழு ஐம்பது. வீட்டுக் கூரை அளவு அகலமான தட்டையான பாறை அது. அங்கிருந்து கல்வீடு நல்ல காலுக்கு நாற்பது நிமிடம், நடுவில் பாறைக்குவியல். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்துகொண்டிருந்தது. நான் பாறைமீது உட்கார்ந்து காலை நீட்டினேன். வெனேரா என் பக்கத்தில் நின்று, ஒரு கையை என் தோளில் வைத்துக்கொண்டு, மறு கையால் வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"வாயில், வாயில். மூணாவது குழு பேசுறேன். கா-வே மூடுறோம். எஸ்-பே."

பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கும் சாவடியிலிருந்து ஒரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. வெனேரா குனிந்து என்னைப் பார்த்தாள்.

"சரிதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் வாக்கிடாக்கியை அணைத்தாள். "இந்தக் காலோட மூடுபனில கல்லுமேல உன்ன நடத்த மாட்டேன். நீ இங்கயே உக்காரு. அசையாத. நான் எறங்கி தாலாய அனுப்புறேன். வெளக்கு, சட்ட, ஊன்றுகோல் எல்லாம் எடுத்துட்டு வருவான். நானும் கூடவே வர்றேன், ரெண்டு பேருமா உன்னத் தாங்கிட்டுப் போயிடுவோம்."

"எவ்வளவு நேரமாகும்?"

"ஒன்றரை மணி நேரம். எடத்த விட்டு நகராத. நகந்தா தேட முடியாது."

மலையில் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும். முதல் வியாழக்கிழமையிலிருந்து எனக்குப் புரிந்த விதி அது ஒன்றுதான். அதில் எழுத்து எதுவும் இல்லை.

உட்கார்ந்தேன்.

ஒன்பதரைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பனிமழை தொடங்கியது. காலணி நனைந்தது. அதற்குப் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. யாரும் வரவில்லை.

ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்ததும் கல் கல்லாக, பெரும்பாலும் உட்கார்ந்தபடியே இறங்கினேன். கல்வீட்டை அடைந்தபோது ஏழே முக்கால். வெனேரா வாசலில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுதாள்.

"வந்துட்ட. நீ வந்துடுவன்னு தெரியும். நீ பின்னாலயே வர்றன்னு நெனச்சேன்டி."

உள்ளே அல்மாத்தியிலிருந்து வந்திருந்த மாணவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்கள்தான் என் காலணியை அறுத்தார்கள். அவர்களில் ஒரு பெண் வெனேராவைப் பார்த்து, "இவங்க வெளியில இருக்காங்கன்னு நேத்தே சொல்லியிருக்கலாமே. நாங்க ஆறு பேரு இருந்தோமே," என்றாள். வெனேரா கெண்டியைக் கவனித்தாள்.

மருத்துவமனையில், இடது காலில் பனியில் உறைந்து கறுத்துப்போன இரண்டு விரல்களின் நுனியை எடுத்தார்கள். பத்தொன்பது நாள் இருந்தேன். வெனேரா ஒரு நாள் தவறாமல் வந்தாள். ஆட்டிறைச்சி ரசம் கொண்டுவந்தாள். என் தலையை அலசி, பின்னிவிட்டாள். கூடத்தில் என் வேலையையும் சேர்த்து அவளே செய்தாள். முதல் வாரம் அந்த மாலையைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அவள் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

எட்டாவது நாள் மன்றத் தலைவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று என் கால்கட்டைப் பார்த்தார்.

"மொத மலைலயே எதுக்கும்மா தனியா சுத்தப் போன?"

"நான் எங்கயும் போகலையே."

"சரி சரி. அலசல்ல பேசிக்கலாம்," என்றார்.

அன்று மாலை வெனேரா வந்ததும் கேட்டேன். "நான் சுத்தப் போனேன்னு யாரு சொன்னா?"

"யாராவது கதை கட்டியிருப்பாங்க. விடு."

"நீ என்ன உக்காரச் சொன்ன."

"சொன்னேன்."

"ஏன் வரல?"

அவள் என் போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "தாலாய் தூங்கிட்டான். எழுப்பினேன், அவன் எழுந்திருக்கல. எனக்கும் உடம்புல ஒன்னுமில்ல. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம், நீயே வந்துடுவன்னு நெனச்சேன். அப்பறம் மழ. அப்பறம்..."

"அந்தப் பசங்க ஆறு பேரு இருந்தாங்க."

"தெரியும்," என்றாள்.

ஏன் அவர்களிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. பயந்துபோயிருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன். பயந்தவளை மன்னிக்கலாம். நானும் பயந்தவள்தான்.

ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பிறகு மன்றத்தில் அலசல் நடக்கும். போய்வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வாக்கெடுப்பு. ஏற்றம் செல்லுமா, செல்லாதா என்பது அங்கேதான் முடிவாகும். என் காலுக்காக எங்கள் அலசலைத் தள்ளிவைத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் வெனேரா என் வீட்டுக்கு வந்தாள். பூர்சோக் மாவுருண்டைகளைப் பொரித்து எடுத்துவந்திருந்தாள், இன்னும் சூடாக இருந்தது.

"நாளைக்கு நீதான் மொதல்ல பேசணும். புது ஆளு மொதல்ல, தலைவி கடைசில. அதான் வழக்கம்," என்றாள்.

"என்ன பேசணும்?"

"'குறை இல்ல.' அவ்வளவுதான். எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க."

"நடந்தத யாரு சொல்றது?"

"நான்தான். நடந்தது பூராவும் தலைவிதான் சொல்லணும். அதுக்குத்தான் கடைசில வெச்சிருக்காங்க."

"நீ உக்காரச் சொன்னதையும் சொல்லுவியா?"

"அதத்தான் மொதல்ல சொல்லுவேன்."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு வேண்டும். பாமீர், தரம், வாக்கெடுப்பு எதுவும் எனக்குப் பொருட்டில்லை. கூடத்தில் புதிதாக வந்த பெண்கூட, "அக்கா, ராத்திரில எங்க போனீங்க?" என்று கேட்டிருந்தாள். நான் எங்கேயும் போகவில்லை. சொன்ன இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை உட்காரச் சொன்னவள் வாயால் நாலு பேர் முன்னால் ஒரு முறை சொன்னால் போதும்.

"சரி," என்றேன். பூர்சோக்கை இருவரும் தேனில் தோய்த்துத் தின்றோம்.

அலசலுக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எர்மெக் இப்போது மேசையின் தலைமாட்டில், தலைவர் பக்கத்தில், குறிப்பேட்டை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அவனைக் குறிப்பெழுத வைத்திருந்தார்கள். எனக்காக அவன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, காலை வைத்துக்கொள்ள ஒரு முக்காலியும் கொண்டுவந்தான்.

"வாங்க அக்கா. நம்ம கெண்டிங்க மூலை இப்போ இங்க."

தலைவர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "மூணாவது குழு. அக்-தேக்கே, ஒன்னு-பே. பங்கேற்றவங்க. புருல்."

எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று கைகாட்டினார். நான் எழுந்து நின்றேன்.

"குறை இல்ல," என்றேன்.

"தாலாய்."

"குறை இல்ல."

"சாவடிக் குறிப்பு."

எர்மெக் ஒரு தாளை எடுத்து வாசித்தான். "கெளம்பினது நாலு பூஜ்யம் பூஜ்யம். சிகரம் பதிமூணு பூஜ்யம் அஞ்சு. பத்தொம்பது அம்பத்து மூணு, கா-வே மூடப்பட்டது, எஸ்-பே."

வாக்கிடாக்கியில் கேட்ட அதே சொற்கள். அன்று வேறு எதைச் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன். அன்று மட்டும் எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. எர்மெக் பக்கம் சாய்ந்தேன்.

"அது என்ன?"

"எது?"

"கா-வே."

அவன் வியப்போடு பார்த்தான். இன்னுமா தெரியாது என்கிற பார்வை. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கட்டுப்பாட்டு நேரம், அக்கா. அந்த நேரத்துக்குள்ள திரும்பி வந்துட்டோம்னு சொல்லணும். சொல்லலன்னா மீட்புக்காரங்க கெளம்பிடுவாங்க. 'மூடப்பட்டது'ன்னா குழு கல்வீட்டுக்கு வந்தாச்சு, இனி யாரும் தேட வேண்டாம்னு."

"எஸ்-பே?"

"ஆளு முழுசா இருக்கு. ஒருத்தரும் விட்டுப்போகல."

வாக்கிடாக்கியில் அதைச் சொன்னபோது வெனேராவின் கை என் தோளில் இருந்தது.

மேசையின் மறு பக்கம் பார்த்தேன். வெனேரா எதிரில் இருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாணவர்களிடம் அவள் ஏன் சொல்லவில்லை என்பது விளங்கியது. ஒருவரிடம் சொன்னாலும் அது சாவடிக்குப் போகும். சாவடிக்குப் போனால் மூடியது பொய்யாகிவிடும். பொய்யானால் தலைமை செல்லாது. அவளுக்கு இருந்த ஒரே வழி, நானாக எழுந்து வருவது.

ஆனாலும் அவள் இனித்தான் பேசப்போகிறாள். இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"தலைவி," என்றார் தலைவர்.

வெனேரா எழுந்தாள். அவள் குரல் கூடத்தில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலாக இருந்தது.

"ஏறினதுல பிரச்சின இல்ல. எறங்கும்போது பங்கேற்பாளர் புருலுக்கு முழங்கால்ல லேசான அடி. வேகம் கொறஞ்சுது. மேசைப்பாறையில கா-வே மூடினோம். மூடறதுக்கு முன்னால பங்கேற்பாளர்கிட்ட சரிதானான்னு கேட்டேன். தலைய ஆட்டினாங்க. கா-வே மூடினதும் குழு கலஞ்சுது. அதுக்கப்பறம் பங்கேற்பாளர் பாதைல தனியா நின்னுட்டாங்க. அனுபவம் இல்லாததால நேரத்தச் சரியாக் கணிக்கல. ராத்திரிய வெளில கழிச்சிருக்காங்க. அவங்கள அடுத்த வசந்தம் வரைக்கும் ஏத்தத்துக்கு அனுப்ப வேண்டாம்னு பரிந்துரைக்கிறேன்." தாளை மடித்தாள். "அவங்க பாதுகாப்புக்காகத்தான்."

உட்கார்ந்தாள்.

சிலர் தலையை ஆட்டினார்கள். தாடி வைத்த ஒருவர், "மேசைப்பாறையில மூடறது எல்லாரும் செய்யறதுதான். நான் இருவது வருஷமா அங்கதான் மூடறேன்," என்றார். "அங்கிருந்து கல்வீடு தெரியுதுல்ல. கண்ணுல பட்டா வந்தாச்சுன்னுதானே கணக்கு."

"அன்னிக்கு மூடுபனி," என்றேன். "ஒன்னும் தெரியல."

தலைவர் பென்சிலை உயர்த்தினார். "புருல், தலைவி பேசியாச்சு. தலைவிக்கு அப்பறம் பேச்சு கெடையாது."

"ஒன்னே ஒன்னு கேக்கணும்."

"உன் முறை வந்தப்ப குறை இல்லன்னு சொன்னியேம்மா."

"அவ சொல்லுவான்னு நெனச்சேன்."

"எத?"

நான் வெனேராவைப் பார்த்தேன். "நீ என்ன உக்காரச் சொன்னியா, இல்லையா?"

தாலாய் எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனான். வெனேரா என்னைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தாள்.

"வழக்கப்படி நடத்துங்க," என்றாள்.

"வழக்கப்படி," என்றார் அவர். அவருக்கு நிம்மதி வந்தது போலிருந்தது. "ஏற்றம் செல்லும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க."

தாடிக்காரர் முதலில் தூக்கினார். பிறகு மற்றவர்கள். தாலாய் ஜன்னல் பக்கம் நின்றபடியே தூக்கினான். எர்மெக் சுற்றிலும் பார்த்தான். இடது கையைத் தூக்கினான். வலது கையில் பேனா இருந்தது.

"எதிர்ப்பு?"

நான் தூக்கினேன்.

"ஒன்னு. ஏற்றம் செல்லும்." அவர் பெருமூச்சு விட்டார். "எதிர்த்தவங்க காரணம் சொல்லலாம். குறிப்புல ஏறும். அதுவும் வழக்கம்தான். சொல்லும்மா."

எனக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பது தெரியாது. வெனேராவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல்முறையாக அவள் என்னைப் பார்த்தாள்.

மெதுவாகச் சொன்னேன், எழுதுவதற்கு நேரம் கொடுத்து. "எட்டு மணிக்கு நான் மேசைப்பாறையில உக்காந்திருந்தேன். கல்வீட்டுல இல்ல. என் பையும் சட்டையும் வெளக்கும் தாலாய்கிட்ட போயிடுச்சு. வெனேரா என் தோள்ல கைய வெச்சுட்டு, எல்லாரும் வந்துட்டோம்னு சாவடிக்குச் சொன்னா. அவ சொன்னது எனக்குப் புரியல. புரியாதுன்னு அவளுக்குத் தெரியும். அப்பறம் என்ன உக்காரச் சொன்னா. அசையாதன்னு சொன்னா. ஆள அனுப்பறேன்னு சொன்னா. நான் அசையல."

தாடிக்காரர் ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையில் திரட்டினார்.

எர்மெக் எழுதி முடித்துப் பேனாவை வைத்தான். அவ்வளவையும் அவன் அத்தனை சீக்கிரம் எழுதியிருக்க முடியாது. எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பு என்று அச்சடித்த கட்டத்தில் என் பெயரும், அதன் பக்கத்தில் இரண்டு எழுத்துகளும் இருந்தன.

"இது என்ன?"

"எல்-எம், அக்கா."

"அப்படின்னா?"

அவன் காது சிவந்தது. "தனிப்பட்ட கருத்து."

"நான் சொன்னது எங்க?"

"இதுதான் அது." கட்டத்தை விரலால் காட்டினான். "எடம் இவ்வளவுதான் இருக்கு. இதுல இப்படித்தான் எழுதணுமாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாத்துக்கும் எழுத்து இருக்கே அக்கா."

தலைவர் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தாலாய் போட்டான். வெனேரா போட்டாள். என் முன்னால் வந்தபோது அதை எர்மெக் பக்கம் தள்ளினேன். எதிர்த்தவர் கையெழுத்து கட்டாயமில்லை என்றார்கள்.

நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ தேநீர் ஊற்றினார்கள். இரண்டு பேர் வெனேராவின் கையைக் குலுக்கினார்கள். பாமீர், குளிராடை, ரயில் என்று காதில் விழுந்தது. நான் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டின் மேல்படியில் வெனேரா வந்து சேர்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது.

"பொறு. ஒத்தையா எறங்காத. கட்டு ஈரமாயிடும், கீழ தண்ணி தேங்கியிருக்கு."

நான் நின்றேன்.

"அது வெறும் தாளுடி," என்றாள். "ஆறு வருஷம். உனக்குத் தெரியும். அடுத்த வசந்தம் நானே உன்னக் கூட்டிட்டுப் போறேன். பெரிய மலைக்கு. கேக்குதா?"

"எப்ப நெனச்ச?" என்றேன்.

"என்னது?"

"நான் வரமாட்டேன்னு. ராத்திரி எத்தன மணிக்கு?"

அவள் வாயைத் திறந்தாள். பொய் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பத்தரைக்கு," என்றாள். "மழை வந்தப்ப."

"அப்பறம்?"

"அப்பறம் படுத்துட்டேன்."

மழை பத்து மணிக்கே தொடங்கியிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அவள் கையை நீட்டினாள். பத்தொன்பது நாளும் கட்டிலிலிருந்து என்னை எழுப்பிய கை. நான் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக இறங்கினேன். அவள் மேலேயே நின்றாள்.